காரை, காவி, கான்கிரீட்

‘டிரைவ்வே’ என்பதற்குத் தமிழில் சொல் இல்லை. அகராதி தொகுப்பவர்கள் ‘உள்சாலை’, ‘வண்டிப்பாதை’ என்று ஏதாவது செய்து தரக்கூடும். ஆனால் குறிஞ்சிப்பாடியில் ஒரு மேஸ்திரியிடம் போய் ‘உள்சாலை போடணும்’ என்றால் பேரூராட்சி டெண்டரா என்று கேட்பார். ‘ராம்ப்பு’ என்றால் புரியும். ‘போர்ட்டிகோ’ என்றால் புரியும். ‘காரு ஏத்துற இடம்’ என்றால் நன்றாகவே புரியும். சொல் இல்லாததற்குக் காரணம் எளிமையானது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: வாசல். வாசல் என்பது மனிதர்கள் நிற்கும் இடம், கோலம் கிடக்கும் இடம், நெல்லும் வற்றலும் காயும் இடம். அதைக் கார் நிற்கும் இடமாகவும் யோசிக்கத் தொடங்கி நம் ஊர்களில் ஒரு தலைமுறைதான் ஆகிறது.

எனக்கு இந்தச் சொல்லோடு வேலை வந்தது போன வருடம். எங்கள் வீட்டின் முன்னால் இருபது அடி அகலம், முப்பது அடி நீளத்துக்கு மண் வாசல். அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய கார் வாங்கினார். ஐப்பசி பிறந்தால் சக்கரம் புதைகிறது. ‘நீதான இன்ஜினியரு, நெட்ல பாத்து ஒரு முடிவு சொல்லு’ என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படித்தது கணினிப் பொறியியல், எனக்கும் கான்கிரீட்டுக்கும் இருந்த உறவு முதலாமாண்டு ‘பேசிக் சிவில்’ தாளோடு முடிந்துவிட்டது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடாது. மேஸ்திரி கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கருங்கல் மாதிரி அச்சு போட்ட கான்கிரீட், மரப்பலகை மாதிரி ஒன்று, செங்கல் மாதிரி ஒன்று, ஜல்லி வெளியே தெரியும்படி கழுவியது, சிவப்பு, மஞ்சள், சாம்பல். ‘எந்த டிசைன் வேணும்னாலும் போட்டுடலாம் தம்பி. கான்கிரீட்டு பெசஞ்ச மாவு மாதிரி. நாம சொல்றதக் கேக்கும்.’

அந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். கான்கிரீட் நாம் சொல்வதைக் கேட்கும் என்றால், இந்த நூறு வருடத்தில் நாம் அதனிடம் என்னென்ன சொல்லியிருக்கிறோம்? கல்லைப் போல இரு என்றா, மண்ணைப் போல இரு என்றா? எங்கள் வாசலுக்கு ஒரு பூச்சைத் தேர்ந்தெடுக்கப் போய், தரை எப்படித் தரையானது என்று படிக்கத் தொடங்கினேன்.

*

முதலில் ஊர். குறிஞ்சிப்பாடி நெசவு ஊர், கைலிக்குப் பேர்போனது. நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, வெயில் உச்சிக்கு ஏறும் முன்பு காயவைத்தாக வேண்டும். ஈர நூலில் புழுதி ஒட்டினால் பாவு கெட்டுப்போகும். ஆகவே அந்தத் தெருக்களில் விடியும் முன் கூட்டித் தண்ணீர் தெளிப்பது மங்கலம் மட்டும் இல்லை, தொழில் சுத்தமும்கூட. தெருவும் வாசலும் சேர்ந்துதான் தொழிற்கூடம்.

தமிழில் ‘பாவு’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பெயர்ச்சொல்லாக அது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். வினையாக, பரப்புதல், தளம் இடுதல். கல் பாவிய முற்றம் என்கிறோம், செங்கல் பாவிய தரை என்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது விரித்தல், பரப்புதல் என்ற ஒரே செயல். நெசவாளி நூலைப் பாவுகிறார், கொத்தனார் கல்லைப் பாவுகிறார். சிமெண்ட் கட்டைக்கு ‘பேவர் பிளாக்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தபோது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அதைப் ‘பாவு பிளாக்’ என்றே சொன்னார்கள். இரண்டு சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் காதுக்கு அது சரியாகத்தான் பட்டது.

சிமெண்ட் வருவதற்கு முன் வாசலில் பாவப்பட்டது மண். அதன் மேல் சாணக் கரைசல். பொறியாளர் பாஷையில் சொன்னால் அது ஒருபோதும் முடிவடையாத தரை. தினமும் காலையில் ஒரு புது வெர்ஷன் வெளியாகும், நேற்றைய விரிசல் இன்றைக்கு மெழுகப்படும். பராமரிப்பும் கட்டுமானமும் அங்கே ஒன்றுதான். அந்தப் பராமரிப்பைச் செய்தது யார், எத்தனை மணிக்கு எழுந்து செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தரையைப் பேச வேண்டும். மண் வாசலைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதை மெழுகியவர்கள் இல்லை. ‘சிமெண்டு வந்தப்பதான் என் இடுப்பு நிமிந்துச்சு’ என்று என் பாட்டி சொல்வார். எந்தத் தரை வரலாற்றிலும் இந்த வரி இருக்க வேண்டும்.

வசதியானவர்களின் வீட்டுக்குள்ளே, கோயில்களில், கச்சேரிக் கட்டடங்களில் காரை இருந்தது. சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைச் சேர்த்துப் புளிக்கவிட்டுப் பூசுவது. கடற்கரையோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு விசேஷம். அந்த நுண்மையான பூச்சை முட்டை வெண்கருவெல்லாம் சேர்த்துக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் கண்ணாடி போல ஆகிவிடும். ‘மெட்ராஸ் சுணாம்’ என்று ஆங்கிலேயர்கள் அதற்குப் பெயரிட்டு, பளிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வியந்து எழுதினார்கள். கவனியுங்கள், பாராட்டே ‘பளிங்கு மாதிரி இருக்கிறது’ என்பதுதான். சுண்ணாம்பு சுண்ணாம்பாக இருப்பதற்காக யாரும் அதைப் புகழவில்லை.

*

1824 அக்டோபரில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ஒரு காப்புரிமை பெற்றார். செயற்கைக் கல் செய்யும் முறையில் ஒரு மேம்பாடு என்பது அதன் தலைப்பு. அந்தப் பொடிக்கு அவர் வைத்த பெயர் போர்ட்லண்ட் சிமெண்ட். இறுகிய பிறகு அது இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் வெட்டி எடுக்கப்படும் உயர்ந்த கட்டடக் கல்லைப் போல இருக்கும் என்பதுதான் விளம்பரம். இன்றைக்கும் சிமெண்ட் மூட்டைகளில் ‘போர்ட்லண்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது. பிறந்த அன்றே அது இன்னொன்றின் பெயரை வாங்கிக்கொண்டது. கல் மாதிரி அச்சு குத்திய கான்கிரீட்டைப் போலி என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பொடியைச் செய்துபார்த்த முதல் முயற்சி சென்னையில் நடந்தது. 1904-இல் கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டு ஒரு ஆலை தொடங்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் அது இயல்பான தாவல்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பில் இவ்வளவு தேர்ந்த ஊர், அதே கிளிஞ்சலில் சிமெண்ட் செய்ய நினைத்திருக்கிறது. அந்த ஆலை நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கியதிலிருந்துதான் இந்தியச் சிமெண்டின் தொடர்ச்சியான கதை ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1934-இல் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை வந்தது. 1939-இல் திருச்சிப் பக்கம் டால்மியாபுரம் வந்தது.

டால்மியாபுரம் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது சிமெண்ட் அல்ல. ஊரின் பழைய பெயர் கல்லக்குடி. ஆலை அதிபரின் பெயரை ரயில் நிலையத்துக்கு வைத்ததை எதிர்த்து 1953 ஜூலையில் திமுக போராடியது. மு. கருணாநிதி பெயர்ப்பலகையின் மேல் ‘கல்லக்குடி’ என்ற தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார். பின்னாளில் நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம் ஆனது. தமிழ்நாட்டு அரசியலின் பெரிய காட்சிகளில் ஒன்று சிமெண்ட் ஆலையின் வாசலில் நடந்திருக்கிறது. பெயரிலேயே கல்லை வைத்திருந்த ஊர், செயற்கைக் கல் செய்யும் ஆலையால் பெயரை இழந்து, திரும்பவும் வாங்கிக்கொண்டது.

அங்கே ஆலை வந்ததற்குக் காரணம் அந்த ஊரின் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். அரியலூர், பெரம்பலூர், திருச்சிப் பகுதி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. சிப்பிகளும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து கல்லானவை அவை. பெரம்பலூர்ப் பக்கம் காரை என்றே ஒரு ஊர் இருக்கிறது. நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் புதைபடிவங்கள் அங்கே மழைநீர் அரித்த ஓடைகளில் வெளியே தெரியும். ஊர்ப் பெயருக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று உறுதி. சென்னையில் 1904-இல் கடற்கரைச் சிப்பியை வைத்துச் செய்ய முடியாததை, பிறகு நிலத்துக்குள் இருந்த பழைய கடலின் சிப்பியை வைத்துச் செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல் ஒரு கடல் இருக்கிறது.

மீதியில் கொஞ்சம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பொருள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போடும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் உருவாகி, 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-இல் கரி கையில் கிடைத்தது. அதை எரித்து மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் உலர்சாம்பல் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. இன்று கடையில் நாம் வாங்கும் பிபிசி வகைச் சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை உலர்சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. அந்த ‘பிபிசி’யில் ஒரு ‘பி’ போர்ட்லண்ட், இன்னொன்று பொசொலானா. இத்தாலியில் பொத்சுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்துதான் ரோமானியர்கள் தண்ணீருக்குள்ளும் இறுகும் கான்கிரீட் செய்தார்கள். எங்களுக்கு எரிமலை இல்லை, அனல்மின் நிலையம் இருக்கிறது.

*

சிமெண்ட் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது பாறையாக நுழையவில்லை, தோலாக நுழைந்தது. அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமுசுக் கட்டையால் இடித்த பழைய பாணித் தளம். அதன் மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு. கடைசியாகக் காவிப் பொடி கலந்த சிமெண்ட் பால். கொத்தனார் பலகையில் குந்திக்கொண்டு கரணையால் அழுத்தி அழுத்தி இழைப்பார். அது இறுகும் வேகத்துக்கு இவர் கை ஈடுகொடுக்க வேண்டும். முந்தினால் மேலே தண்ணீர் ஏறும், பிந்தினால் கரணைத் தடம் விழும். பிறகு நாள்கணக்கில் தண்ணீர் கட்டி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மிச்ச மெருகை வீட்டு மனிதர்களின் வெறுங்கால்கள் இருபது வருடத்தில் போட்டு முடித்தன.

ஏன் சிவப்பு? இரும்பு ஆக்ஸைடு மலிவு, வெயிலில் வெளுக்காது, சுண்ணாம்பின் காரத்துக்குக் கரையாது என்பது வேதியியல் பதில். எனக்கு இன்னொரு பதிலும் படுகிறது. அரிசி மாக்கோலத்தைச் சுற்றி நாம் இழுக்கும் காவிப் பட்டை, செம்மண் பூசிய திண்ணை, பண்ருட்டி முந்திரிக்காட்டு மண் எல்லாம் அதே இரும்பு ஆக்ஸைடுதான். புதிதாக வந்த அந்நியப் பொடியிடம் நம் ஆட்கள் முதலில் ‘செம்மண்ணைப் போல இரு’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் அதைக் கல்லாகச் சொன்னார்கள், நாம் மண்ணாகச் சொன்னோம்.

பணம் இருந்தவர்கள் அதைக் கம்பளமாகவும் சொன்னார்கள். சிமெண்டையும் நிறப்பொடியையும் அச்சில் ஊற்றி அழுத்திச் செய்யும் பூக்கற்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1922-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ், சுதேசி உணர்வோடு அவற்றை இங்கேயே செய்தது. செட்டிநாட்டில் ஆத்தங்குடிக்காரர்கள் கண்ணாடிச் சட்டத்தின் மேல் கையாலேயே நிறத்தை ஊற்றி, உள்ளூர் மணலையும் சிமெண்டையும் மேலே போட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தார்கள். சூளை கிடையாது. பளபளப்பு முழுக்கக் கண்ணாடியிடமிருந்து வாங்கியது. அலங்காரக் கான்கிரீட் என்று இன்றைக்குக் கைபேசியில் காட்டப்படும் சமாச்சாரத்துக்கு நம்மிடம் நூறு வருடப் பழக்கம் உண்டு. எல்லாம் வீட்டுக்குள்ளே. வாசலுக்கு இவை எதுவும் வரவில்லை.

வராததற்கு ஒரு காரணம், சிமெண்ட் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு பல பத்தாண்டுகள் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்ட பர்மிட் வேண்டும். இருபது மூட்டைக்காகத் தாத்தா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த கதையை அப்பா இன்றும் சொல்வார். கிடைத்த மூட்டைகளை உயிர் மாதிரி காப்பாற்றி, தூணுக்கும் கூரைக்கும் போக மிச்சத்தில் தரைக்கு விரலளவு காவி. மண் வாசலில் சிமெண்ட் கொட்டுவது சோற்றைத் தெருவில் கொட்டுவது மாதிரி. இந்தப் பஞ்சம் அரசியலையும் ஆட்டியது. சிமெண்ட் ஒதுக்கீடு தொடர்பான நன்கொடை விவகாரத்தில் மகாராஷ்டிர முதல்வர் ஏ. ஆர். அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதியளவு தளர்த்தியது. 1989 மார்ச்சில் முழுதாக நீக்கியது.

அதன் பிறகுதான் நம் ஊர்களின் நிறம் மாறியது. மூட்டை கடையில் கிடைக்கத் தொடங்கியதும் முதலில் கூரை, பிறகு மாடி, பிறகு சுற்றுச்சுவர், கடைசியில் வாசல். 2015-இல் அம்மா சிமெண்ட் என்று மூட்டை 190 ரூபாய்க்கு அரசே விற்றது. தாத்தா காலத்தில் அரசு ‘குறைவாகப் பயன்படுத்து’ என்றது, பேரன் காலத்தில் ‘வாங்கிக் கட்டு’ என்றது. எங்கள் தெருவில் மண் வாசல் மறைந்த வேகத்தை இந்த மாற்றத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

*

கான்கிரீட்டை எதைப் போலவும் இருக்கச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. 1910-களில் அமெரிக்காவின் வாஷிங்டனில் மெரிடியன் ஹில் பூங்காவைக் கட்டியபோது ஜான் ஜோசப் எர்லி என்பவர், மேற்பரப்புச் சிமெண்டைத் தேய்த்துக் கழுவி உள்ளே இருக்கும் கூழாங்கல்லை வெளியே தெரியவைத்தார். நிறம் பொடியிலிருந்து வரவில்லை, கல்லிலிருந்தே வந்தது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில், 1930-களின் இறுதியில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி எழுந்தது. ஜார்ஜ் நாகஷிமா அங்கே தங்கி வேலை பார்த்தார். பூச்சு இல்லாமல் பலகைத் தடத்தோடு நிற்கும் கான்கிரீட், இந்தியாவின் மிக ஆரம்பகால நவீனக் கட்டடங்களில் ஒன்று. அதே கட்டடத்தில் உள்சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, தரைக்குக் கடப்பா கல். எந்த வேலைக்கு எந்தப் பொருளோ அது.

நேர் எதிர்த் திசையில், 1950-களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் ஈரக் கான்கிரீட்டின் மேல் அச்சுகளை அழுத்திக் கல் தளம் போலச் செய்யும் முறையை உருவாக்கினார். மேஸ்திரி கைபேசியில் காட்டியது அதன் கொள்ளுப்பேரன். ஒவ்வொரு வீட்டுக்கும் கார், ஒவ்வொரு காருக்கும் ஒரு தனிப் பாதை என்ற அமெரிக்கப் புறநகரில் அது பரவியதில் ஆச்சரியம் இல்லை. நம் பேரூராட்சித் தெருக்களை நிறைத்திருக்கும் பேவர் பிளாக்குக்கு வேறு பூர்வீகம். இரண்டாம் உலகப் போரில் இடிந்த நெதர்லாந்து ஊர்களில் வீடு கட்டவே செங்கல் போதாதபோது, தெருவுக்குப் போட சிமெண்டில் செங்கல் அளவுக் கட்டைகளைச் செய்தார்கள். ஒன்று செல்வத்தின் பூச்சு, மற்றது பற்றாக்குறையின் கட்டை. இரண்டும் எழுபது வருடம் பயணித்து எங்கள் வாசலில் ஒரே படவரிசையில் வந்து நிற்கின்றன.

*

எங்கள் வாசலுக்கு மூன்று சோதனைகள்: மழை, வெறுங்கால், கோலம்.

அச்சுக் கான்கிரீட் அழகுதான். ஆனால் அச்சு குத்தச் சரியான நேரம் கட்டைவிரல் அழுத்தினால் பதிய, ஆனால் ஒட்டாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும். கடலூர் வெயிலில் அது வெகு சீக்கிரம் கடந்துவிடும். மேலே பூசும் பளபளப்பு சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாசி ஏறினால் வழுக்கும். எல்லாவற்றையும்விட, எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய்க்காக ஒருநாள் தோண்டத்தான் போகிறார்கள். தோண்டிய இடத்தில் போடும் ஒட்டு ஒருபோதும் பழையதோடு சேராது. காவி வெளியே ஆகாது, ஈரத்தில் கண்ணாடி. பேவர் பிளாக்கைக் கழற்றி மாட்டலாம், அது பெரிய குணம். ஆனால் கோலப் புள்ளி இணைப்பில் விழும். அம்மா ஒரே வரியில் நிராகரித்தார்: ‘கட்டம் போட்ட நோட்டுல கோலம் போட நான் என்ன ஸ்கூல் புள்ளயா?’ ஜல்லி கழுவிய பூச்சு டயருக்குப் பிடிப்பு, வெளுக்க நிறம் இல்லை, பாசி வந்தாலும் வழுக்காது. வெறுங்காலுக்குக் குத்தும்.

மழைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் வாசல் 600 சதுர அடி, சுமார் 56 சதுர மீட்டர். இந்தப் பக்கம் வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை என்று வைத்தால், அந்த வாசலில் மட்டும் விழுவது ஏறக்குறைய 67,000 லிட்டர். முழுக்கக் கான்கிரீட் போட்டால் அத்தனையும் தெருவுக்கு. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பரவனாற்றுப் பக்கமும் பெருமாள் ஏரிப் பக்கமும் வெள்ளக்காடு. அந்த அளவு மழையை எந்த மண் வாசலும் குடிக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண மழையைக் குடிக்கும். நெய்வேலியில் கரி எடுப்பதற்காக அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆழ்நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டியிருக்கிறது. எங்கள் வாசலில் இறங்கும் நீர் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது, மேல்மட்டத்தில் கிணற்றோடு நின்றுவிடும். ஆனாலும் நிலத்தடி நீர் இவ்வளவு கணக்குப் பார்க்கப்படும் ஒரு வட்டாரத்தில் 600 சதுர அடிக்கு மூடி போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சும்மா கிடக்கும் மண் என்பது எங்கள் பக்கத்தில் எப்போதும் தற்செயல் இல்லை. வடலூரில் 1872-இல் வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்தார். அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலம் ஏறக்குறைய எண்பது காணி. சபையைச் சுற்றிய அந்த வெற்று நிலத்துக்குப் பெயர் பெருவெளி. தைப்பூசத்துக்குக் கூட்டம் நிற்பது அங்கேதான். 2024-இல் அதில் சர்வதேச மையம் கட்ட அரசு வேலை தொடங்கியபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. வெறும் தரைக்காக மனிதர்கள் வாதாடினார்கள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் பாட்டியின் இடுப்பையும் மறக்க முடியாது. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழு மண் வாசல் என்ற என் ஆசைக்கு விலை கொடுக்கப்போவது பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் நான் அல்ல. அதனால் வந்து சேர்ந்த முடிவு இது. டயர் ஓடும் இடத்தில் மட்டும் மூன்று அடி அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டை, நான்கு அங்குலக் கனம், ஐந்து அடிக்கு ஒரு வெட்டு, மேலே ஜல்லி கழுவிய பூச்சு. கேட்டிலிருந்து படிவரை ஆள் நடக்க இன்னொரு மூன்று அடிப் பாதை, துடைப்பத்தால் கீறிய சாதாரணச் சிமெண்ட், காலுக்கு இதம். வாட்டம் எல்லாமே தெருவைப் பார்த்து இல்லாமல் மண்ணைப் பார்த்து. மொத்தம் 270 சதுர அடி மூடல், 330 சதுர அடி மண். படிக்கு நேர் எதிரே உள்ள மண்ணைக் கெட்டித்து அம்மாவின் கோலத்துக்கு விட்டாயிற்று. அந்தச் சின்ன இடத்தை மட்டும் மெழுகினால் போதும், இஷ்டம் இருந்தால்.

அப்பாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ‘எதிர் வீட்டுக்காரன் அரண்மனை மாதிரி போட்டுருக்கான், நாம தண்டவாளம் மாதிரி போட்டுருக்கோம்’ என்றார். நியாயமான விமர்சனம். வாசல் என்பது ஊர் நம்மைப் பார்க்கும் இடம். பர்மிட்டுக்கு நடந்த ஒரு தகப்பனின் மகன், மூட்டை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் பாதி வாசலை வெறுமனே விடுவதைக் கஞ்சத்தனமாகத்தான் பார்ப்பார். அவர் கேட்பது டிசைனை அல்ல, மரியாதையை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. லிட்டர் கணக்கைக் காட்டினேன், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கான்கிரீட் போட்ட மறுநாள் காலை, மேஸ்திரி தண்ணீர்க் குழாயோடும் நார்ப் பிரஷ்ஷோடும் குந்தி மேல் பூச்சைக் கழுவினார். சாம்பல் பால் ஓடையாக இறங்கி மண்ணில் போக, கறுப்பும் நீலமுமாக ஜல்லி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பத்து நாள் சாக்கு போட்டு ஈரம் காயாமல் வைக்கச் சொன்னார். சாம்பல் கலந்த சிமெண்ட், மெதுவாகத்தான் இறுகும். கிளம்பும்போது இரண்டு பட்டைக்கும் நடுவே இருந்த மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: ‘பைப்பு போயிட்டா இதுக்குள்ள தோண்டிக்கலாம் சார். எதையும் ஒடைக்க வேணாம்.’ அப்பா முதல்முறையாகத் தலையாட்டினார்.